ரிஜெக்ட் அண்ணனை எழுப்பிய படம்

பினாங்கு மாநிலத்தில் பேய்க்குப் பயப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான், அவர் எங்கள் ரிஜெக்ட் அண்ணன்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். பேய்கள்தான் அவரைக் கண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். எதிரே ஒன்று வந்து நின்றால் மூக்குக் கண்ணாடியைச் சற்று இறக்கி, உச்சந்தலையிலிருந்து கால் இருக்க வேண்டிய இடம் வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, "ஃபினிஷிங் சரியில்லலா, திருப்பி அனுப்பு" என்று சொல்லிவிடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. வேறெங்கும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. தீவுக்கு எதிர்க்கரையில், மாக் மண்டினில் பாட்டில் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் தரப் பரிசோதகர். நான் அதே இடத்தில் ஸ்டோர் கிளார்க். தொழிலாளர் பொழுதுபோக்குக் கழகத்துக்குச் செயலாளரும் நான்தான். வேறு யாரும் அந்தப் பதவியை ஏற்கவில்லை என்பது என் ஒரே தகுதி.

ரிஜெக்ட் அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். மூடியில் குறை கண்டால் அந்தப் பெட்டி மேல் 'ரிஜெக்ட்' என்று ஒன்றை ஒட்டுவது அவர் வேலை. ஆனால் பழக்கம் தொழிற்சாலை வாசலோடு நின்றால் அது பழக்கமா? நான்கு நிமிடம் முந்தி ஓடிய அலுவலகக் கடிகாரத்துக்கு ஒன்று. கேண்டீனின் மிளகாய்ச் சம்பால் பாட்டிலுக்கு ஒன்று. மேலாளர் மகன் கல்யாணப் பத்திரிகைக்கும் ஒன்று; அதில் தேதியும் கிழமையும் ஒத்துப் போகவில்லை. இதில் எங்களுக்கு இருந்த ஒரே எரிச்சல், ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதே சரியாக இருந்ததுதான்.

இப்படிப்பட்டவர் பேய்ப்படம் பார்த்தால் எப்படிப் பார்ப்பார்? சாம்பிள் எடுத்துப் பார்ப்பார். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதினோராவது நிமிடத்தில் கொஞ்சம், நாற்பத்து மூன்றில் கொஞ்சம், தொண்ணூறில் கொஞ்சம். அவ்வளவுதான், படம் முடிந்தது.

"அண்ணே, கதையே தெரியாம எப்படி பயம் வரும்?" என்று ஒரு நாள் சண்டைக்கே போய்விட்டேன்.

"ஒரு லாட்டுல அம்பதாயிரம் மூடி வருது. அம்பதாயிரத்தையுமா பார்க்குறோம்? நல்ல லாட்டா இருந்தா எங்க கை வெச்சாலும் நல்லாத்தான் இருக்கணும். நல்ல பேய்ப்படம்னா எந்த நிமிசத்துல தொறந்தாலும் பயமா இருக்கணும்மா."

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அவரிடம் இதுதான் தொல்லை.

குறைகளை அவர் மூன்று வகையாகப் பிரிப்பார். பேய்க்கு நகப்பூச்சு இருந்தால் மைனர். வீட்டில் பேய் இருப்பது தெரிந்தும் குடும்பம் அங்கேயே படுத்துத் தூங்கினால் மேஜர். பேய் வாயைத் திறந்து தன் சோகக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் கிரிட்டிக்கல்; அந்தப் படத்துக்கு அப்பீலே கிடையாது.

பேய்ப்படங்கள் பிடித்தது உண்மையில் அவருக்கு அல்ல, அவர் மனைவிக்கு. சரோஜா அக்காவுக்குப் பேய்ப்படம் என்றால் உயிர். ஜார்ஜ் டவுனில் எந்தத் தியேட்டரில் எந்தப் பேய் வந்திறங்கினாலும் முதல் வாரத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஒரு கையால் முகத்தை மூடி, மறு கையால் அண்ணன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பார்த்து, கூரை அதிரக் கத்துவார். பக்கத்தில் அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தியேட்டரில் ரிமோட் இல்லையே. கண்ணை மூடிக்கொண்டு இடையிடையே திறந்து பார்ப்பதுதான் அங்கே அவருடைய சாம்பிள். பின் வரிசைக்காரர்கள் பாவம், மனிதர் நடுங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். திங்கட்கிழமை கையைக் காட்டுவார். அக்காவின் நகம் பதிந்த தடம் நான்கு இருக்கும். "படம் ரிஜெக்ட். பிடி மட்டும் ஓகே" என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவர் கையில் தடம் இல்லை.

"படம் சுத்த மோசம்மா. உங்கக்கா கத்தவே இல்ல. பாதியில 'யாருங்க இந்தப் பொண்ணு'ன்னு கேட்குறா. கதாநாயகியவே ஞாபகம் வெச்சுக்க முடியலன்னா என்னா படம் எடுக்குறானுங்க?"

அடுத்த படத்துக்கும் அதே புகார். அதற்கடுத்ததற்கும். மூன்று படங்களையும் மேஜர் குறை என்று எழுதித் தள்ளினார். முப்பது வருடம் தப்பு எங்கே என்று கண்டுபிடித்தே பிழைத்த மனிதர், ஏழு மாதம் படத்தின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் அக்கா சுங்கை பினாங் பசாரில் மீன் வாங்கிவிட்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம் போவது என்று மீன்காரரிடமே கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். மறதி நோய் என்றார்கள், மெதுவாகக் கூடிக்கொண்டே போகும் என்றார்கள்.

பிள்ளைகள் இல்லை. பகலில் அக்கா ஒன்பதாவது மாடி வீட்டில் தனியாக இருப்பார். எதிர் வீட்டுச் சீனத்து ஆன்ட்டி மத்தியானம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். வெளியே பூட்டிவிட்டு வரலாமே என்று நானே சொன்னேன். தொழிற்சாலையில் குறையுள்ள பெட்டிகளை ஒரு கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைப்போம். அண்ணன் அந்தக் கூண்டைக் காட்டினார். "அதுல வெக்கிற மாதிரி அவள வெக்க எனக்கு மனசு வரலம்மா" என்றார்.

அதனால் வீட்டு வரவேற்பறையில் கதவை ஒட்டியிருந்த அலமாரியின் மேல் ஒரு சின்ன கேமரா வைத்தார். ஜன்னலோரம் அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலி கைப்பேசியில் தெரியும். ஆனால் உற்பத்திப் பகுதிக்குள் கைப்பேசி கூடாது. அந்த விதியை எழுதச் சொன்னதே இவர்தான். எங்கள் வேலையில் சலுகைப் படிவம் என்று ஒன்று உண்டு: இந்தக் குறையைத் தெரிந்தே இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கும் தாள். முப்பது வருடத்தில் யார் கெஞ்சியும் அவர் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று தானே ஒன்றை நிரப்பி மேலாளர் முன்னால் வைத்துவிட்டு, அடி வாங்கப் போகிற பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல நின்றார். மேலாளர் படித்தார், கையெழுத்துப் போட்டார், ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கல்யாணப் பத்திரிகையை மன்னித்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அந்தக் கேமராவில் பேசவும் முடியும். முதல் நாள் அண்ணன் உற்சாகமாக, "சரோ, மாத்திரை போட்டியா?" என்று கேட்டிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அக்கா அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "சத்தம் போடாதீங்க. அலமாரிக்குள்ள ஒரு ஆம்பள இருக்கான். மாத்திரை போட்டியான்னு கேட்குறான்" என்றாராம். மறுநாள் எங்களிடம் சொல்லும்போது அவரே சிரித்தார். "இத்தனை வருசம் அவளுக்குப் பேய் காட்டினவன் நான். இப்ப நானே பேயாயிட்டேன்லா." அன்றோடு கேமராவிலேயே சத்தத்தை அடைத்துவிட்டார். படம் மட்டும் ஓடும். பரிசோதனை மேசையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூடிக்கு ஒரு பார்வை, நாற்காலிக்கு ஒரு பார்வை என்று அவர் வேலை நடந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் கழகத்துக்கு அந்த வேண்டாத ஆசை வந்தது. மிகச் சிறந்த பேய்ப்படம் எது என்று தீர்மானித்து, குடும்ப தினத்தில் திரையிட வேண்டும். மலாய்க்காரர்கள் வாழைத் தோட்டத்துப் பெண் பேய்தான் என்றார்கள். சீனர்கள், பேய்கள் ஊருக்குள் வரும் ஏழாம் மாதத்துப் பேயை முன்மொழிந்தார்கள். நம்மவர்களுக்குப் பழைய பங்களாவை விட்டால் வேறு நினைப்பே இல்லை. மூன்று வாரம் கேண்டீனில் சோறு ஆறிப்போகச் சண்டை. கடைசியில் கேண்டீன் நடத்தும் கக் ரோஸ் கரண்டியை ஓங்கி மேசையில் தட்டினார். மாக் மண்டினிலேயே பிறந்து வளர்ந்த மலாய்க்கார அக்கா. நம்மைவிடக் கூர்மையாகத் தமிழ் பேசுவார்.

"ஏன் கத்துறீங்க? ரிஜெக்ட் அண்ணன உக்கார வையி. மூணு படம் போடு. எந்தப் படத்துக்கு அவரு நாற்காலிய விட்டு எந்திரிக்கிறாரோ, அதுதான் வின்னர்லா!"

இதைவிட நேர்மையான சோதனை உலகத்தில் உண்டா? எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பரிசு ஒரு ரைஸ் குக்கர். அண்ணனும், "டெஸ்ட் மெத்தட் சரி" என்று சம்மதித்தார். கைப்பேசி மடியில் இருக்கும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து இரண்டு மணிக்குக் கேண்டீன் ஜன்னல்களைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் மூடினோம். ஒவ்வொரு படத்திலிருந்தும் மிகப் பயங்கரமான அரை மணி நேரம். நடு நாற்காலியில் அண்ணன், பக்கத்தில் முடிவுத் தாளோடு நான்.

பங்களா ஓடியது. பின்னால் இரண்டு பெண்கள் அலறினார்கள். அண்ணன் கொட்டாவி விட்டார். "பேய் வர்றதுக்கு முன்னாடி வயலின்காரன் வந்து சொல்லிட்டுப் போறான். நம்ம வீட்டுக்கு யாராச்சும் அப்படி வர்றாங்களா?" அடுத்தது ஏழாம் மாதம். "சுவத்துக்குள்ள நுழையிற பேய் எதுக்கு லிஃப்டுக்கு வெயிட் பண்ணுது? மேஜர்." மூன்றாவது, கக் ரோஸின் வாழைத் தோட்டம். மூன்று மணி பத்து நிமிடம் இருக்கும். திரையில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நின்று தலை வாருகிறாள். கேண்டீனில் மூச்சுச் சத்தம் இல்லை. அவள் மெதுவாகத் திரும்புகிறாள்.

ரிஜெக்ட் அண்ணன் எழுந்து நின்றார்.

எழுந்தார் என்பதுகூடச் சரியில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். "பயந்துட்டாரு! அண்ணன் பயந்துட்டாரு!" கக் ரோஸ் கரண்டியோடு ஆடினார். யாரோ விசில் அடித்தார்கள். யாரோ ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தேன். ஜன்னலோரம் நாற்காலி இருந்தது. அதில் அக்கா இல்லை.

"பாத்ரூம் போயிருப்பாங்கண்ணே."

"இருக்கும்" என்றார். ஆனால் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார். மூன்று மணி ஆறு நிமிடத்துக்கு அக்கா எழுந்திருக்கிறார். நேராகக் கேமராவைப் பார்த்திருக்கிறார். அதை நோக்கியே நடந்து வந்து, முகம் பெரிதாகி, பக்கவாட்டில் மறைந்துவிட்டார். கேமரா இருப்பது கதவுக்குப் பக்கத்தில். சமையல் கட்டுக்குப் போகவும் அந்தப் பக்கம்தான், வீட்டை விட்டு வெளியே போகவும் அந்தப் பக்கம்தான். எதிர் வீட்டு ஆன்ட்டிக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை.

வீடு தீவில் இருந்ததால் தினமும் அவர் மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரியில்தான் கடலைத் தாண்டுவார். அன்று ஓட்ட விடாமல் நான் மோட்டார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவரை என் காரில் ஏற்றினேன். ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. பாலம்தான் வழி. சனிக்கிழமை மத்தியானப் பாலத்தைப் பற்றி பினாங்குக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பாலத்தில் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாங்கள், அவர் கையில் அந்த நாற்காலி.

"கண்ணு வலிக்கப் போகுதுண்ணே. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ பாருங்களேன்."

"இதுல சாம்பிள் கெடையாதும்மா. கிரிட்டிக்கல். நூத்துக்கு நூறு பார்க்கணும்."

கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே மேலும் சொன்னார். "அந்தப் படத்துல வர்ற பொண்ணு யாருன்னே நமக்குத் தெரியாது. அவ காலையில என்னா சாப்பிட்டா, எதுக்குச் சிரிப்பா, ஒண்ணும் தெரியாது. அவளுக்கு ஏதாச்சும் ஆனா நமக்கு என்னா? திடுக்குன்னு இருக்கும், அவ்வளவுதான். திடுக்குங்கறது வேற, பயம் வேற. இவ எதுக்குச் சிரிப்பான்னு எனக்குத் தெரியும்மா."

நான் முன்னால் நின்ற லாரியைத் திட்டினேன். பேய்ப்படத்தில் எப்போது வந்துவிடுமோ என்று ஒரு பேய்க்காகக் காத்திருக்கிறோம். இங்கே வரவேண்டியது ஒரு மனுஷி. அவர் வராத ஒவ்வொரு நிமிடமும் அந்தக் காலி நாற்காலி அப்படியே இருந்தது. ஜன்னல் திரை ஒரு தடவை அசைந்தபோது நாங்கள் இரண்டு பேருமே, "ஆ" என்றோம். காற்றுதான்.

அவர் குடியிருப்பை அடைந்தபோது லிஃப்ட் கீழே வரச் சோம்பல்பட்டது. அண்ணன் படிக்கட்டில் ஓட ஆரம்பித்தார். நானும் ஓடினேன், ஐந்தாவது மாடியில் என் உயிர் போனது, ஏழாவதில் திரும்பி வந்தது. ஒன்பதாவது மாடியில் கதவு திறந்து கிடந்தது.

சரோஜா அக்கா உள்ளேதான் இருந்தார். அலமாரிக்கு நேர் கீழே, கேமராவின் கண்ணுக்குக் கீழே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு தட்டில் சோறு, மீன் குழம்பு, ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு மணி நேரமாக நாங்கள் பார்த்த படத்துக்கு இரண்டு சாண் வெளியே அவர் இருந்திருக்கிறார்.

அண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அக்கா எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

"மெதுவா. உள்ள ஒரு ஆளு இருக்காரு. முன்ன பேசுவாரு, இப்பல்லாம் பேசுறதே இல்ல. பசியா இருக்குமோன்னு சோறு வெச்சேன். வெளிய வர மாட்டேங்குறாரு."

"யாரு சரோ அது?"

"யாருக்குத் தெரியும்? நல்ல மனுசன்தான். மாத்திர போட்டியான்னு அக்கறையா கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு கொரலு மாதிரியே இருந்துச்சு."

அண்ணன் செருப்பைக் கழற்றினார். கை கழுவிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். "வந்துட்டேன்" என்றார். ஆறிப்போன சோற்றைப் பிசைந்து முழுவதையும் சாப்பிட்டார். குழம்பில் உப்பே இல்லை என்பது பிறகு எனக்குத் தெரிந்தது. அக்கா எனக்கும் ஒரு தட்டு போட்டார். அண்ணன் உப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையல் கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு ஒரு தாளோடு வந்தார். "ரிசல்ட் தப்பா ரெக்கார்டு ஆயிருக்கும்மா. படத்துக்கு நான் எந்திரிக்கல. திருத்தணும்." ரைஸ் குக்கரில் கக் ரோஸ் அதற்குள் ஒரு தடவை சோறு ஆக்கிவிட்டார் என்றேன். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. தாளில் அவர் கையெழுத்தில் இருந்தது. மிகச் சிறந்த பேய்ப்படம்: வீட்டுக் கேமரா, சனிக்கிழமை மத்தியானம். பயத்துக்குக் காரணம்: மியூசிக் இல்லை. பேய் இல்லை. உட்கார்ந்திருந்த ஆள் இல்லை.

கக் ரோஸிடம் அதைப் படித்துக் காட்டினேன். உடனே குக்கரைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டு அண்ணன் கையில் வைத்தார். "அக்காவுக்குக் குடுங்க. ரிஜெக்ட் பண்ணீங்க, அடிப்பேன்" என்றார். அண்ணன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். எவ்வளவோ பேர் தடுத்தார்கள், எனக்குத் தடுக்க மனசு வரவில்லை. போகும்போது என் கைப்பேசியிலும் அந்தக் கேமராவைச் சேர்த்துவிட்டார். "நான் பசாருக்குப் போற அரை மணி நேரம் மட்டும் பாரும்மா" என்று கேட்டுக்கொண்டார். அந்த அரை மணி நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அக்கா எழுந்து நின்றாலே என் கை நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அண்ணன் கீரைக்கட்டோடு உள்ளே வருவார், அக்கா தலையைத் திருப்பி அவரைப் பார்ப்பார், நான் மூச்சு விடுவேன். ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருக்கிறது. இப்படிப் பயப்படுவதற்கு எனக்கு இந்த ஊரில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.